ஜெசிந்தா அக்கா இறங்காத ஆழம்

சென்ற செவ்வாய்க்கிழமை இரண்டாம் ஷிஃப்ட் தொடங்கிய சற்று நேரத்தில் எங்கள் சூப்பர்வைசர் என் மேசைக்கு வந்தார். ஒரகடத்தில் கார் பிரேக் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் தரம் பார்ப்பது என் வேலை.

"ரேவதி, ஜெசிந்தா மேடம் போய்ட்டாங்களாம்மா."

"எங்க சார் போனாங்க? அடுத்த பஸ்ஸுல வந்துடுவாங்க" என்றேன். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அப்போதுதான் புரிந்தது. வேலைக்குக் கிளம்புகையில் நெஞ்சு அடைக்கிறது என்று நாற்காலியில் உட்கார்ந்தவர் எழவே இல்லையாம்.

ஜெசிந்தா அக்கா மண்ணூர்க்காரர். எங்கள் பிரிவில் மூத்தவர், மணமாகாதவர். சாப்பாட்டு வேளையில் என் டப்பாவிலிருந்து கேட்காமலே பொரியலை எடுத்துக்கொள்வார். தம் மீன்குழம்பை அதே உரிமையோடு என் சோற்றில் ஊற்றுவார்.

அவர் சிறுமியாக இருந்தபோது, ஏரியில் சிக்கிய வலையை எடுக்க மூழ்கிய அவருடைய தந்தை உயிரோடு மேலே வரவில்லை. அதன்பின் தாயார் அவரைக் கடற்கரைக்குக்கூட விட்டதில்லை. அப்படிப்பட்டவர் ஒருநாள் கம்பெனி பஸ்ஸில் என் காதருகே குனிந்தார்.

"நீச்சல் கத்துக்கினேன்டி. அடுத்தது கடலுக்கு அடியில போவணும்."

"எதுக்குக்கா?"

"எங்கப்பா கடைசியா தண்ணிக்கடியில பாத்தது இன்னான்னு பாக்கணும்."

அவரைத் தனியே அனுப்ப மனமில்லாமல் நானும் புதுச்சேரிக்குப் போய், கூடவே ஸ்கூபா கற்றுக்கொண்டேன். வீட்டில் அவர் ஓவர்டைம் வேலை என்று சொல்லிவிடுவார்.

இந்த ஆண்டுத் தொடக்கத்தில், தாயாரிடம் கம்பெனி டூர் என்று அவர் சொல்லிவைக்க, இருவரும் அந்தமான் போனோம். கரை மறையும் தூரத்தில் படகை நிறுத்தினார்கள். கடலின் அடியிலிருந்து ஒரு பாறை மலை எழுந்து, நீர்மட்டத்துக்கு வெகு கீழேயே முடிந்துவிடுகிற இடம் அது. மேலே பார்த்தால் வெறும் கடல். வழிகாட்டியோடு நாங்கள் இருவரும் இறங்கினோம். அந்தப் பக்கம் வேறு படகே இல்லை.

பாறை உச்சியை மஞ்சள் மீன்கள் மொய்த்துக்கொண்டிருந்தன. திடீரென்று அத்தனையும் ஒரே திசையில் விலகிப் போயின. அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. நீருக்குள் ஒருவரையொருவர் கூப்பிட முதுகிலுள்ள சிலிண்டரைத் தட்டுவோம். அதே சத்தம், பாறையின் இருண்ட பக்கத்தில், எங்களுக்கும் கீழே. மூன்று தட்டு, சற்று நிறுத்தி இன்னொன்று.

நான் இறங்கத் தொடங்கினேன். ஏன் என்று இன்றும் தெரியவில்லை. யாரோ தெரிந்தவர் கூப்பிடுவதாகத் தோன்றியது. பயமே இல்லை. நீலம் கறுத்துக்கொண்டே வந்தது.

சிலிண்டர் வாரை ஒரு கை பிடித்து இழுத்தது. அக்கா! முகக்கண்ணாடியோடு முகக்கண்ணாடி ஒட்ட, தலையை இடமும் வலமும் ஆட்டினார். கீழிருந்து சத்தம் மறுபடி வந்தது. அவர் விழிகள் அந்தப் பக்கம் போயின. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றன. பிறகு என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்து, அவசரப்படாமல் மேலே கொண்டு வந்தார்.

படகில் வழிகாட்டி தனக்கு எதுவும் கேட்கவில்லை என்றார். ஆழம் போனால் மூச்சுக்காற்றே தலைக்கேறும், இல்லாததெல்லாம் கேட்கும் என்று விளக்கினார்.

"இல்லண்ணா, இப்படித் தட்டுச்சு" என்று பலகையில் தட்டிக் காட்டினேன். அக்காவின் முகம் வெளுத்தது.

"எங்கப்பா கதவத் தட்ற தட்டுடி அது" என்றார் மெதுவாக. "உனக்கு எப்படிக் கேட்டுச்சு?"

பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே அவரே சொன்னார்: "கூப்டா போயே ஆவணும்னு இன்னா கட்டாயம்? நான் வூட்டுக்குப் போவணும். அம்மா தனியா கீது."

மண்ணூர்க் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் முடிந்தபின், எங்களோடு வேலை செய்யும் ஒருவர் பேச்சுவாக்கில் நாங்கள் கடலுக்கு அடியில் போனதைச் சொல்லிவிட்டார். தாயார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"எம்பொண்ணு தண்ணிக்குள்ள போனாளா?"

"ஆமாம்மா."

கோபப்படுவார் என்று நினைத்தேன். என் இரு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"உள்ள இன்னா பாத்தா?"

"மீனும்மா. மஞ்சள் மஞ்சளா, நெறைய."

"பயந்தாளா?"

"இல்லம்மா. அவங்கதான் என்னைக் கூட்டிக்கினு வந்தாங்க."

தாயார் புதுமண் பக்கம் திரும்பி, "கெட்டிக்காரி" என்றார். மெழுகுவத்திகள் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டிருந்தன. அவர் குனிந்து, கையால் காற்றை மறைத்து, ஒன்றை மட்டும் எரிய வைத்தார்.

நிம்மதியாகத் தூங்குங்கள், அக்கா. அம்மாவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.