குகைப் படகில் பிடித்த கை

அன்று குகைப் படகு மேடையில் இருந்தவர்கள்: ஓர் ஆம்புலன்ஸ் ஓட்டுநர். அவர் மனைவி. ஏழு வயது மகள். வீட்டில் குட்டி என்று கூப்பிடுவார்கள். மனைவியின் தம்பி, காரும் வாயும் அவனுடையவை. படகைத் தள்ளிவிடும் ஆள் ஒருவர். அவ்வளவுதான். வேறு யாரும் இல்லை. இதை ஓட்டுநர் என்னிடம் மூன்று முறை அழுத்திச் சொன்னார்.

அவர் கதை கட்டுகிற ஆள் இல்லை. பேய் என்று யாராவது ஆரம்பித்தால், "என் வண்டியில எத்தனை பேரைப் படுக்க வெச்சுக் கொண்டுபோயிருக்கேன். ஒருத்தர்கூட எழுந்து டீ கேட்டதில்ல" என்று வாயை அடைத்துவிடுவார். அந்த மனிதர்தான் இதைச் சொன்னார். தன் மாடி அறைக்கு ஏறும் வெளிப்படியில் உட்கார்ந்து சொன்னார். அறைக்குள் என்னைக் கூப்பிடவில்லை.

நோய் பரவிய வருடம் அது. எட்டு மாதம் அவர் வீட்டின் மாடி அறையில் தனியாக இருந்தார். வேலை முடிந்து வந்தால் வெளிப்படி வழியாக மேலே போய்விடுவார். சாப்பாட்டுத் தட்டைப் படியில் வைத்துவிட்டு மனைவி கீழே இறங்கிய பிறகு கதவைத் திறப்பார். மகளை மாடியிலிருந்து எட்டிப் பார்ப்பதோடு சரி. "அப்பா பக்கத்துல போகாதே" என்று சொல்லிச் சொல்லியே குழந்தையைப் பழக்கிவிட்டார்கள். பழக்கியதே அவர்தான்.

பிறகு தொற்று குறைந்தது. அவருக்கு இரண்டு முறை பரிசோதனை செய்து ஒன்றும் இல்லை என்றார்கள். மூன்று நாள் விடுப்பு கிடைத்தது. கீழே வந்து படுக்கலாம். ஆனால் அவர் ஓரடி வைத்தால் குட்டி ஓரடி பின்னால் போனாள். திரும்பிப் பார்த்தாலே போதும், சுவரோடு ஒட்டிக்கொள்வாள். அதனால் அவர் அவளைத் திரும்பிப் பார்ப்பதையே விட்டுவிட்டார். அவளாக வரட்டும் என்று முதுகைக் காட்டியபடியே உட்கார்ந்திருக்கப் பழகினார்.

"அவளா உங்க கையைப் பிடிக்கட்டும். அன்னிக்கே கீழ வந்துடுங்க. பயந்த புள்ளைய நான் கட்டாயப்படுத்த மாட்டேன்" என்றாள் மனைவி.

விடுப்பின் கடைசி நாள்தான் பூங்காவுக்குப் போனார்கள். ராட்டினம், சறுக்கு, குகைப் படகு என்று எல்லாம் உள்ள பெரிய பொழுதுபோக்குப் பூங்கா. ஊரடங்குக்குப் பிறகு மறுபடி திறந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. கூட்டமே இல்லை. வாசலில் நெற்றிக்கு நேரே வெப்பமானியை நீட்டினார்கள். நோட்டில் பெயரும் போன் நம்பரும் எழுதச் சொன்னார்கள். யாருக்காவது நோய் வந்தால் கூப்பிட்டுச் சொல்ல வேண்டுமாம். பாட்டு மட்டும் எல்லா மூலையிலும் ஓடிக்கொண்டிருந்தது. கேட்பதற்கு ஆள் இல்லை.

"மாமா, மொத்தப் பூங்காவையும் நமக்கே எழுதிக் குடுத்துட்டாங்க போல. ராட்டினத்துல நான் ஒருத்தன் ஏறுனதுக்கு ஆபரேட்டர் கண்ணுல தண்ணி வந்துடுச்சு" என்றான் மைத்துனன்.

குட்டி முகமூடிக்குள் சிரித்தாள். சிரித்தபடி அவரைப் பார்த்தாள். ஆறடி தள்ளி நின்றுதான்.

மாலை 3.40. குகைப் படகு.

ஒரு குடும்பத்துக்கு ஒரு படகு. உள்ளே தண்ணீர் சொட்டும் என்று மஞ்சள் மழைச்சட்டை கொடுத்தார்கள். மைத்துனன் மழைச்சட்டை எதுவும் தனக்கு ஏறவில்லை என்று வெளியே நின்றுவிட்டான். மூடிய இடம், காற்று இல்லை என்று மனைவி தயங்கினாள். குட்டி மட்டும் மெல்லிய குரலில், "நான் போறேன்" என்றாள்.

யாரோடு என்று அவள் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. கேட்டால் மனதை மாற்றிக்கொள்வாள். முதலில் ஏறி, முன்பக்கம் பார்த்து உட்கார்ந்தார். வலதுபக்கம் இடம் விட்டார். திரும்பவில்லை.

சில நொடிகள்... பிறகு படகு லேசாகத் தாழ்ந்தது. மழைச்சட்டை சரசரத்தது. யாரோ அருகில் உட்கார்ந்தார்கள்.

படகுக்காரர் தள்ளிவிட்டார். 3.42.

உள்ளே இருட்டு. அடியில் சங்கிலி இழுக்கும் சத்தம். கடக்... கடக்... சுவரோரம் கொள்ளைக்காரப் பொம்மைகள். யாரோ வேடிக்கைக்காக எல்லாப் பொம்மைகளுக்கும் முகமூடி கட்டிவிட்டிருந்தார்கள்.

முதல் வளைவில் ஒரு சின்னக் கை அவர் கைக்குள் நுழைந்தது.

எட்டு மாதம் கையுறையோடுதான் மனிதர்களைத் தொட்டிருந்தார். அந்தக் கை ஜில்லென்று இருந்தது. விரல் நுனிகள் சுருங்கியிருந்தன, ரொம்ப நேரம் தண்ணீரில் ஊறியதுபோல. படகு கிளம்பி ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"பயமா இருக்காடா?"

பிடி இறுகியது.

"அப்பாக்கு ஒண்ணும் இல்ல. ரெண்டு தடவ டெஸ்ட் எடுத்தாச்சு."

கடக்... கடக்...

"வீட்டுக்குப் போலாமா?"

முகமூடிக்குள்ளிருந்து வருகிற குரல் மாதிரிதான் இருந்தது.

"போலாம்."

"என்னையும் கூட்டிட்டுப் போவீங்களா?"

குட்டி அவரை எப்போதும் 'நீ' என்றுதான் சொல்வாள். எட்டு மாதத்தில் மகள் மரியாதை கற்றுக்கொண்டுவிட்டாள் என்று நினைத்து அவர் மனம் வலித்தது.

"உன்ன விட்டுட்டு எங்க போகப்போறேன்?"

வெளிச்சம் தெரிந்தது. 3.48.

மேடையில் மனைவி நின்றிருந்தாள். அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு குட்டி. மடிப்புக் கலையாத மழைச்சட்டை குட்டியின் கையில்.

"யாரோ போட்ட சட்டையா இருக்குமோன்னு நான்தான் இவள ஏற விடாமப் பிடிச்சு இழுத்துட்டேன். நீங்க திரும்பியே பாக்கல" என்றாள் மனைவி.

அவர் வலதுபக்கம் பார்த்தார். யாரும் இல்லை. இருக்கையில் தண்ணீர் தேங்கியிருந்தது.

படகுக்காரர் அந்தத் தண்ணீரைப் பார்த்தார். ஓட்டுநரின் முகத்தைப் பார்த்தார். "சீக்கிரம் இறங்குங்க சார்" என்றார்.

திரும்பும்போது ஓட்டுநர்தான் காரை ஓட்டினார். மற்ற மூவரும் பின்னால். முன் இருக்கை காலி. 5.15க்கு எச்சரிக்கை மணி அடிக்க ஆரம்பித்தது. டிங்... டிங்... முன்னால் இருப்பவர் பெல்ட் போடவில்லையாம்.

"என் வண்டிக்கும் காய்ச்சல் வந்துடுச்சு. பதினாலு நாள் தனியா நிறுத்திடலாம்" என்றான் மைத்துனன்.

ஓட்டுநர் கையை நீட்டிக் காலி இருக்கையின் பெல்ட்டை மாட்டினார். மணி நின்றது. இருக்கைத் துணி ஈரமாக இருந்தது.

அவர் யாரிடமும் சொல்லவில்லை.

இரவு 7.20. வீட்டு வாசல். மற்றவர்கள் உள்ளே போனார்கள். அவர் போன் அடித்தது.

"சார்... படகுக்காரன் பேசறேன். வாசல் நோட்டுல நம்பர் எடுத்தேன்."

"சொல்லுங்க."

"உள்ள உங்ககிட்ட ஏதாவது கேட்டுச்சா?"

போனை அவர் இடது கைக்கு மாற்றினார்.

"ஊரடங்கப்போ ஆறு மாசம் நான்தான் அங்க காவல். குகைக்குள்ள தினமும் குழந்தை அழற சத்தம் கேக்கும். டார்ச் அடிச்சுத் தேடியாச்சு, தண்ணிய இறைச்சும் பாத்தாச்சு. ஒண்ணும் இல்ல. திறந்தப்புறம் தனியா படகுல போனவங்க நாலு பேரு. வீட்டுக்குப் போலாமான்னு கேட்டுதாம். நாலு பேரும் கையை உதறிட்டு, வெளிய வந்ததும் இறங்கி ஓடியிருக்காங்க."

அவர் வலது உள்ளங்கையைச் சட்டையில் துடைத்தார்.

"இன்னிக்கு நீங்க போனப்புறம் சத்தமே இல்ல சார். நீங்க என்ன சொன்னீங்க?"

போனை வைத்துவிட்டார்.

வாசலில் குட்டி நின்றிருந்தாள். முகமூடி இல்லை. ஓரடி முன்னால் வந்தாள். இன்னும் ஓரடி. கையை நீட்டினாள்.

"அப்பா, வா. கீழயே படுத்துக்கோ. அம்மா பாய் போட்டுட்டாங்க."

எட்டு மாதமாக அவர் காத்திருந்த கை.

அவர் பின்னால் நகர்ந்தார்.

"வராத. அங்கயே நில்லு."

அவள் நின்றாள். நீட்டிய கை அப்படியே இருந்தது. பிறகு மெல்ல இறங்கியது.

அவர் வெளிப்படி ஏறினார்.

பத்தொன்பது படிகள்.

அவர் செருப்பு காய்ந்திருந்தது. ஆனாலும் ஒவ்வொரு படியிலும்... சளக்... சளக்...

அறைக்குள் நுழைந்தார். நடுவில் நின்றார். விளக்கைப் போடவில்லை.

பின்னால் கதவு சாத்திக்கொண்டது.

தாழ்ப்பாள் விழுந்தது. உள்பக்கமாக.