கொடிமரம் வரைக்கும் ஓடிய கோல்

கால்பந்தில் கோல் போடுகிறவனைத் தோளில் தூக்குவார்கள். கோல் விழாமல் பார்த்துக்கொண்டவனிடம், "ஏலே, அந்தத் தண்ணி பாட்டில எடு" என்பார்கள். தூத்துக்குடியில் எங்கள் தெரு அணிக்குப் பல வருடம் ஸ்டாப்பராக, கோல்கீப்பருக்கு முன்னால் நின்று தடுக்கிறவனாக, ஆடியவன் நான். ஒரு கோல்கூடப் போட்டதில்லை. அதில் வருத்தமே இல்லை என்றால் அது பொய். ஆனால் ஓடி வருகிற ஆளை எப்படி நிறுத்துவது என்று யாராவது கேட்டால், துறைமுகத்தில் வேலை முடிந்து வந்த களைப்பிலும் உட்கார வைத்துச் சொல்லுவேன். ஒரே ஒரு ஆட்டத்தைப் பற்றி மட்டும் பேச மாட்டேன். அதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

புன்னைக்காயல் என் தங்கையைக் கட்டிக்கொடுத்த ஊர். அங்கே மாதா கோயில் திருவிழாவுக்குக் கொடியேற்றிவிட்டால் மைதானத்தில் கால்பந்துப் போட்டி தொடங்கிவிடும். அந்த வருடம் கடைசி ஆட்டத்துக்கு வந்தது நாங்களும் அந்த ஊர் அணியும். அவர்கள் ஆட்டத்தில் பாஸ் என்ற பேச்சே கிடையாது. பந்தை என் தங்கை மாப்பிள்ளைக்கு முன்னால் தள்ளிவிடுவார்கள், அவர் ஓடுவார். அவ்வளவுதான் அவர்கள் திட்டம். அது எல்லோருக்கும் தெரியும், தெரிந்தும் ஒருவராலும் தடுக்க முடியவில்லை. கடற்கரை மணலில் மீன்பிடி வள்ளம் தள்ளிப் பழகிய கால்களுக்கு மைதானத்து மணல் ஒரு பொருட்டே இல்லை.

ஆட்டத்தன்று காலையில் தங்கை போன் பண்ணினாள். குரல் சரியில்லை.

"அண்ணே, அவிய போன வாரம் வள்ளத்துல மயங்கி விழுந்துட்டாவ. நெஞ்சுல சதை தடிச்சிருக்காம். ஓடவே கூடாது, ஓடுனா எந்த நேரமும் நின்னு போவும்னு டாக்டர் சொல்லிட்டாரு."

"ஏளா, அப்ப ஆட விடாத."

"நான் சொன்னா கேப்பாவளா? வெளிய தெரிஞ்சா எவன் என்னைய வள்ளத்துல ஏத்துவான்னு கத்துதாவ. நீயும் யாருகிட்டயும் வாயத் தெறந்துராத. நீதான அவியளுக்கு எதுக்க நிக்கப் போற. எப்படியாவது நிப்பாட்டிரு அண்ணே."

மைதானத்துக்குப் போனால் எங்கள் கேப்டனும் அதையே சொன்னான். அவன்தான் எங்கள் கோல்கீப்பர். "மாப்ளைன்னு பாக்காத. இன்னைக்கு அவர நிப்பாட்டிரு."

ஆட்டம் தொடங்கும் முன் மாப்பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டு, "மாப்ள, இன்னைக்கு மெதுவா ஆடுங்க" என்றேன். அவர் என் கண்ணையே பார்த்தார். தங்கை சொல்லிவிட்டாள் என்று புரிந்திருக்க வேண்டும். "மச்சான் பயந்துட்டீங்களா?" என்று ஊர் கேட்கச் சிரித்துவிட்டுப் போய்விட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அங்கேயே ஒரு அறை விட்டிருப்பேன்.

ஓடுகிறவனைத் தடுக்க அவனைவிட வேகமாக ஓட வேண்டும் என்று நினைக்கிறவன் ஏமாளி. அவனுக்கு ஓட இடம் இருக்கக் கூடாது. நாங்கள் முன்னால் போகவே இல்லை, எல்லோரும் எங்கள் கோலுக்குப் பக்கத்திலேயே நெருக்கி நின்றோம். எங்களுக்குப் பின்னால் வெறும் மணல் கிடந்தால்தானே அவர் ஓடுவார்? பந்து அவரிடம் வந்ததும் பாய்ந்து காலை நீட்டக் கூடாது. நீட்டினால் தாண்டிப் போய்விடுவார். கைக்கெட்டும் தூரத்தில் நின்று, பின்னால் நகர்ந்துகொண்டே, நடுவை அடைத்து ஓரத்துக்குத் தள்ள வேண்டும். ஓரத்தில் கோடே நமக்கு இன்னொரு ஆள். நான் ஏமாந்தால் பிடிப்பதற்கு என் முதுகுக்குப் பின்னால் ஒருத்தன் நிற்க வேண்டும். கண் பந்தில் இருக்க வேண்டும். ஆளின் முகத்தைப் பார்க்கவே கூடாது.

அன்றைக்கு நான் முகத்தைத்தான் பார்த்தேன்.

திட்டம் பலித்தது. அவர் வந்தார், ஓரத்துக்குத் தள்ளினோம், பந்து வெளியே போனது. மறுபடி வந்தார், மறுபடி தள்ளினோம். கூட்டம் எங்களைக் கேலி செய்தது. "ஏலே, பஸ்ஸக் கொண்டாந்து கோல் முன்னால நிப்பாட்டியிருக்கானுவ!" எங்கள் ஆட்களுக்கோ ஒரே குஷி. இப்படி ஒரு தடுப்பாட்டத்தை நாங்கள் அதுவரை ஆடியதே இல்லை. எனக்கு மட்டும் பயம் ஏறிக்கொண்டே இருந்தது. ஏனென்றால் நாங்கள் நிறுத்த நிறுத்த அவர் பின்னால் போய்த் திரும்ப ஓடி வந்தார். நிறுத்திவிட்டோம் என்று நான் நினைத்த ஒவ்வொரு முறையும் இன்னொரு ஓட்டத்தைத்தான் அவருக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒருமுறை வேண்டுமென்றே காலைத் தட்டி விழ வைத்தேன். வலித்தால் வெளியே போவார் என்று ஒரு ஆசை. மணலைத் தட்டிக்கொண்டு எழுந்து சிரித்தார். உதடு வெளுத்திருந்தது.

இடைவேளைக்குப் பிறகு அவர் இடுப்பில் கை வைத்துக் குனிந்து நிற்க ஆரம்பித்தார். பந்து வந்ததும் நிமிர்ந்து ஓடினார். கோட்டுக்கு வெளியே பெண்கள் கூட்டத்தில் தங்கை நின்றாள். எல்லோரும் பந்தைப் பார்த்தார்கள், அவள் என்னைப் பார்த்தாள்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. அவர்கள் ஒரு கோல் போட்டுவிட்டால் அதைக் காப்பாற்ற அவர்கள் ஆட்கள் எல்லோரும் பின்னால் போய் நின்றுகொள்வார்கள். இவர் ஓட வேண்டியிருக்காது. நின்றுவிடுவார்.

அடுத்த முறை அவர் வந்தபோது நான் நடுவை அடைக்கவில்லை. கால் வழுக்கினதுபோல ஒரு பக்கமாகச் சாய்ந்தேன். அவர் என்னைத் தாண்டினார், எனக்குப் பின்னால் நின்றவன் சுதாரிப்பதற்குள் அடித்தார். கேப்டன் பாய்ந்தும் கைக்கு எட்டவில்லை. கோல்.

அப்பாடா என்றிருந்தது எனக்கு. அந்த நிம்மதி ஒரு மூச்சுகூட நீடிக்கவில்லை.

அந்தத் திருவிழா ஆட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. கோல் போட்டவன் ஓடிப் போய்க் கொடிமரத்தைத் தொட்டு, விரலை உதட்டில் வைத்து முத்தி, சிலுவை போட்டுவிட்டுத்தான் திரும்புவான். கொடிமரம் கோயில் முன்னால், மைதானத்தின் அந்தக் கடைசியில் நிற்கிறது. நாங்கள் கடல் பக்கத்துக் கோலில் நின்றோம், அங்கிருந்து மைதானம் முழுக்க ஓட வேண்டும். வருடா வருடம் பார்த்த வழக்கம்தான். ஆனால் நான் ஸ்டாப்பர். அந்த ஓட்டம் ஒரு நாளும் என் காலுக்கு வாய்த்ததில்லை. அதனால் என் கணக்கில் அது வரவே இல்லை.

மாப்பிள்ளை இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடினார். "மாப்ள, நில்லுங்க! ஓடாதீங்க!" என்று கத்திக்கொண்டு நானும் பின்னால் ஓடினேன். கோல் வாங்கிய ஆத்திரத்தில் அவரை அடிக்கப் போகிறேன் என்று நினைத்து ஊர்க்காரர்கள் பாய்ந்து வந்து என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "விடுங்கலே!" என்று திமிறினேன். அவ்வளவு பேர் பிடித்தால் எங்கே போக? அவர்கள் கைக்குள் நின்றுகொண்டே பார்த்தேன். அவர் கொடிமரத்தைத் தொட்டார், விரலை முத்தினார், அப்படியே மரத்தைக் கட்டிக்கொண்டு சரிந்து உட்கார்ந்தார். ஜெபம் பண்ணுகிறார் என்று கூட்டம் கைதட்டியது. தங்கை மட்டும் அலறிக்கொண்டு ஓடினாள்.

பிழைத்துவிட்டார். காரில் தூக்கிப் போட்டுத் தூத்துக்குடிக்குக் கொண்டு வந்த அந்த வழியைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை. நெஞ்சுக்குள் சின்னதாக ஒரு மிஷின் வைத்திருக்கிறார்கள். ஓட்டமும் கிடையாது, கடலும் கிடையாது. அவர் பயந்த மாதிரியே ஆயிற்று. இப்போது ஐஸ் கம்பெனியில் உட்கார்ந்த இடத்து வேலை.

நான் போகும்போதெல்லாம் அந்தக் கோலைப் பற்றிப் பேச்சு வரும். அவர் பிள்ளைகள் என்னைச் சுற்றிக்கொண்டு, "மாமா, எங்கப்பா ஒங்கள எப்படி ஏமாத்துனாவ?" என்று கேட்கும். கால் வழுக்கிவிட்டது என்பேன். மாப்பிள்ளை சத்தம் போட்டுச் சிரிப்பார்.

போன தடவை பிள்ளைகள் வெளியே விளையாடப் போனதும் அவர் சிரிப்பை நிறுத்தினார்.

"நீங்க வழுக்கல மச்சான். வழி விட்டீங்க. ஓடும்போதே எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சும் எதுக்குக் கொடிமரத்துக்கு ஓடுனீங்க?" என்றேன்.

"ஊரு பாத்துட்டு இருந்துச்சுல்லா" என்றார். வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு, "பிள்ளைங்க கேட்டா மட்டும் வழுக்கிட்டுன்னே சொல்லுங்க" என்றார்.

அந்தச் சமயம் பிள்ளைகள் பந்தோடு உள்ளே ஓடி வந்தன. சின்னவள் என் மடியில் ஏறி அதே கேள்வியைக் கேட்டாள். மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். வழுக்கிவிட்டது என்றேன்.