அரை அங்குலம் தாழ்ந்த கல்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். இன்றைக்கு நாற்பத்திரண்டு கட்டடங்களின் தரை என் கைப்பட்டது. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், மூன்று வங்கி. எந்தத் தரையிலும் கோலிக்குண்டை வைத்துப் பாருங்கள், வைத்த இடத்தில் நிற்கும். இதை நான் சொல்லாவிட்டால் யார் சொல்லப்போகிறார்கள்? ஆனால் எழுத உட்கார்ந்தது சாவிக்காரம்மாவைப் பற்றி.

அவள் எங்கள் தெருமுனையில் துணி தேய்த்துக் கொடுப்பவள். எதிரே இருந்த பழைய ஜெபக்கூடத்தின் சாவி முப்பத்தொரு வருஷம் அவள் இடுப்பில் தொங்கியது. அங்கே ஜெபிக்க வந்தவர்கள் ஊரைவிட்டுப் போய்விட்டார்கள். போகும்போது சாவியை அவளிடம் கொடுத்தார்கள், அவ்வளவுதான். கூரை விழுந்தது, ஜன்னல் களவு போனது. அவள் வாரம் ஒருமுறை திறந்து பெருக்கிவிட்டுப் பூட்டுவாள்.

இடிக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் வாராவாரம் நகராட்சி அலுவலகத்துக்கு நடந்தாள். அங்கே ஒருவன், "கூரையே இல்லாத கட்டடத்துக்குப் பூட்டு எதுக்கும்மா?" என்று சிரித்தானாம்.

"கூரைதான சார் போச்சு? கதவு இருக்குல்ல?" என்றாளாம் இவள்.

நாலு வருஷம் நடந்தாள். கடைசியில், பழமையான கட்டடம், சீர்படுத்திப் பொதுக்கூடம் ஆக்கலாம் என்று உத்தரவு வந்தது. மருத்துவ முகாம், தையல் வகுப்பு, கூட்டம் எல்லாம் அங்கே நடக்கும். ஒரு கமிட்டி முளைத்தது. அதில் அவளைச் சேர்க்கவில்லை. தரை வேலைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். வேறு யாரைக் கூப்பிடுவார்கள்?

முதல் நாளே வந்து நின்றாள். "மேஸ்திரியண்ணே, எல்லாத்தையும் இழைச்சுக்கோங்க. இந்தக் கல்லை மட்டும் விட்டுடுங்க."

வாசலுக்கு உள்ளே, வலப்பக்கம், ஒன்றரைச் சாண் கல். நக ஆழத்துக்கு நாலு எழுத்து.

"என்னம்மா இது?"

"எம் புள்ள பேரு. வீட்டுக்காரரு இங்க தரை மாத்துனப்ப அவரே வெட்டுனது. புதைச்ச இடத்துல இப்ப ரோடு ஓடுது. எனக்குன்னு இருக்கறது இதான்."

"இதுக்கா நாலு வருஷம் அலைஞ்ச?"

"வேற எதுக்கு? எனக்கென்ன தையலா கத்துக்கணும்?"

வாக்குக் கொடுத்தேன். என் வாக்கு கல்லுக்குச் சமம்.

அந்தக் கல் மற்றவற்றைவிட அரை அங்குலம் தாழ்ந்திருந்தது. அப்படியே விட்டிருந்தால் தரையைத் தேய்த்து இழைக்கும் மெஷின் அதைத் தொடாமலே மேலே போயிருக்கும். நான் விடவில்லை. என் தரையில் தண்ணீர் தேங்குவதா? என் கையாலேயே பெயர்த்து, புதுச் சாந்து வைத்து, ரசமட்டம் பார்த்து உயர்த்தினேன். அவளுக்கும் சந்தோஷம். "இப்ப யார் காலும் தடுக்காது" என்றாள். அதன்மேல் சாக்கு விரித்து, பக்கத்தில் போகக்கூடாது என்று ஆட்களிடம் சொல்லிவைத்தேன். சுற்றிலும் முதற்கட்ட முரட்டு இழைப்பு முடிந்தது.

பிறகு கமிட்டிச் செயலாளர் ஓடி வந்தார். "பெரியவர் ஒருத்தர் திறக்க வர்றார், வெள்ளிக்கிழமையே வேணும் மேஸ்திரி. உங்களால முடியலேன்னா சொல்லுங்க, வேற ஆளப் பார்க்கறேன்."

என்னிடம் அந்தப் பேச்சைப் பேசலாமா? ஆட்கள் பாதிப் பேர் வரவில்லை. மெஷினை நானே பிடித்தேன். ஈரச் சாக்கு கல்லில் கறை போடும் என்று காலையிலேயே எடுத்திருந்தேன். இழைக்கும்போது தண்ணீரும் கல்மாவும் கலந்து கஞ்சிபோலத் தரையை மூடிவிடும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, கைதான் பார்க்கும். வாசல் பக்கம் வந்தபோது மெஷின் மேட்டில் தட்டியது. மேடு தட்டினால் கை தானாக அழுத்தும். ஐம்பது வருஷப் பழக்கம். அழுத்தினேன். சுற்றிலும் இழைத்துத் தாழ்ந்துபோன தரையில், நான் உயர்த்திய கல் மேடாக நிற்கும் என்று அந்த நேரத்தில் மண்டையில் உறைக்கவில்லை.

தண்ணீர் ஊற்றிக் கழுவியபோது அந்த நாலு எழுத்து இருந்த இடம் கண்ணாடிபோல் இருந்தது. அதைவிட வழவழப்பான கல் அந்தக் கட்டடத்தில் இல்லை.

அவள் வந்தாள். முந்தானையால் துடைத்தாள். உள்ளங்கையை வைத்துத் தடவினாள். ரொம்ப நேரம் தடவினாள்.

"மறுபடி வெட்டித் தர்றேன்மா," என்றேன். "முத்து முத்தா வெட்டறேன். அவர் வெட்டுனதவிட நல்லாருக்கும்."

"நல்லாத்தான் இருக்கும்ணே. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. யாரோ எழுதிக் குடுத்ததப் பார்த்து வெட்டுனாரு. மூணாவது எழுத்து திரும்பிப் போச்சு. அதுக்கு நான் சிரிச்சேன். புள்ள போன ஒரு மாசத்துல அன்னிக்குத்தான் சிரிச்சேன்." நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "அந்தத் தப்பு உங்களுக்கு வருமா?"

உளியைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

வெள்ளிக்கிழமை திறப்பு விழா நடந்தது. தரையைப் பார்த்துப் பெரியவர் கை கொடுத்தார். செயலாளர் சாவியை அவளிடம் கேட்டு வாங்கிக்கொண்டார். அவள் என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

போன வாரம் கண் மருத்துவ முகாமுக்குப் போயிருந்தேன். வாசலுக்கு உள்ளே வலப்பக்கம்தான் எல்லோரும் செருப்பு விடுகிறார்கள். அவள் குத்தவைத்து உட்கார்ந்து அந்தக் கல்மேலிருந்து ஒவ்வொரு ஜோடியாக நகர்த்திக்கொண்டிருந்தாள். முகாம் ஆள் ஒருவன், "அம்மா, செருப்ப மாத்தி வெக்காதீங்க, அப்புறம் சண்டை வரும்!" என்று கத்தினான். அந்தத் தரையை இழைத்தவன் நான்தான் என்று நான் வாய் திறக்கவில்லை. அவள் நகர்த்தியதில் என்னுடையதும் ஒரு ஜோடி.