மெர்சிங் மரத்தில் நாற்பத்து மூன்று பெயர்கள்

ஆமாம், காரை வெயிலில் நிறுத்தியது நான்தான். ஜெசிந்தா கடைசிவரை யாரிடமும் அதைச் சொல்லவில்லை. இனி மறைக்க வேண்டியதில்லை.

செவ்வாய்க்கிழமை காலை அவளுடைய தம்பி அழைத்து, ஜெசிந்தா இறந்துவிட்டாள் என்றார். டெங்கிக் காய்ச்சல். ஐந்தே நாள். வயது முப்பத்து நான்கு. அச்சகத்தில் ஒரு திருமண அழைப்பிதழ் ஓடிக்கொண்டிருந்தது. இயந்திரத்தை யாரும் நிறுத்தவில்லை. சூட்டின் கீழே தாள் நின்றால் கருகிவிடும். கருகியிருந்தால் அவள் எங்களைத் திட்டியிருப்பாள்.

குளுவாங்கில் எங்கள் அச்சகத்துக்கு வந்தவர்களுக்கு அவளைத் தெரியும். நான் கணினியில் எழுத்தை அடுக்குவேன். அவள் அதை எழுப்புவாள். ஈர மையின் மேல் பிசின் தூளைத் தூவிச் சூடு காட்டினால், தூள் உருகி, எழுத்து பளபளவென்று மேடாக எழும். உங்கள் வீட்டு அழைப்பிதழில் நீங்கள் விரலால் தடவிப் பார்த்த பிள்ளையார், ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகிற ஒருத்தி எழுப்பியவர்.

ஒருமுறை பொன்னிறத் தூளில் சிவப்புத் தூள் கொட்டிவிட்டது. முதலாளி வீசச் சொன்னார். அவள் வீட்டுக்கு எடுத்துப் போனாள். மறுநாள் என் மேசையில் ஒரு மீன். பாவுலு கேக் சுடும் அச்சில் உருக்கி ஊற்றியது. சிவப்புக்குள் பொன் இழை இழையாக ஓடியது. வாலில் துளை. துளையில் நாடா.

"கிறிஸ்மஸ் மரத்துல தொங்கவிட," என்றாள்.

"பிள்ளையார் தூள்லயா?"

"அவரு கோவிச்சுக்க மாட்டாரு லா. ரெண்டு பேரு பொறந்தநாளுக்கும் பலகாரம் உண்டு."

சிந்திய சொட்டுகளையும் அவள் விடவில்லை. கொக்கி வைத்துத் தோடாக்கினாள். அந்தத் தீபாவளிக்கு என் காதில் அவைதான். "என்ன கல்லு இது?" என்று சித்தி கேட்டார். "ஜெசி கல்லு," என்றேன். அடுத்த வாரமே சித்திக்கு ஒரு ஜோடி, சித்தியின் மகளுக்கு ஒரு ஜோடி. யாருக்கும் ஒரே மாதிரி இரண்டு முறை செய்ததில்லை.

பிறகு மெர்சிங். அவளுடைய அம்மா ஊர். படகுத்துறைக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தேவாலயம். அங்கே வருகிற பிள்ளைகள் கிறிஸ்மஸ் மரத்திலிருந்து ஆளுக்கு ஒன்றைப் பறித்துக்கொண்டு போவார்கள். கடையில் வாங்கிய பிளாஸ்டிக் பந்து. அந்த ஆண்டு ஜெசிந்தா உபதேசியாரிடம் சொன்னாள்: "பந்து வாங்காதீங்க அங்கிள். நாங்க செஞ்சு கொண்டாறோம். ஆளுக்கு ஒண்ணு, பேரு போட்டு."

நாற்பத்து மூன்று பெயர்கள் வந்தன. மூன்று வாரம். அவள் ஊற்றினாள். நான் பின்பக்கத்தில் சூடான ஊசியால் பெயர் கீறினேன். உபதேசியார் பூசையில் அறிவித்தும் விட்டார்.

விழா மாலை நான்கு மணிக்கு. நாங்கள் பதினொன்றரைக்கே மெர்சிங் சேர்ந்தோம். நிழல் தேடாமல் நிறுத்தினேன். பெட்டி, பின் கண்ணாடிக்கு அடியில். மீன் குழம்பும் சோறும் சாப்பிட்டு, அவளுடைய பெரியம்மாவைப் பார்த்துவிட்டு, ஒன்றரை மணிக்குத் திரும்பினோம்.

கதவைத் திறந்தேன். கை வைக்க முடியாத அனல். பெட்டிக்குள் மீன்களும் பூக்களும் வளைந்து, ஒட்டி, ஒரே கட்டி. ஒரு பெயர்கூட மிஞ்சவில்லை.

"அலமாக்," என்றாள் ஜெசிந்தா. ஏன் வெயிலில் நிறுத்தினாய் என்று கேட்கவில்லை.

"கடையில பந்து வாங்கிடலாம் ஜெசி. மன்னிப்புக் கேட்டுக்கலாம்."

"பேரு போட்டுத் தரேன்னு சொல்லியிருக்கேன். கடையில பேரு விக்கிறாங்களா?"

"எல்லாம் கெட்டுப்போச்சு டி."

"கெட்டுப்போகல. உருகிடுச்சு. ரெண்டும் வேற."

சின்னச் சின்னப் பழுது பார்க்க உருக்கும் சட்டியையும் கொஞ்சம் பொன்தூளையும் கொண்டுவந்திருந்தாள். அச்சுகள் குளுவாங்கில். தேவாலயச் சமையலறையில் கட்டியை உடைத்துச் சட்டியில் போட்டோம். சிவப்பு, பச்சை, பொன், நீலம். நான்கும் சேர்ந்து சேறு. உபதேசியார் எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, மைலோ கலக்குறீங்களா?"

"ஆமா அங்கிள். நாற்பத்து மூணு கிளாஸ்," என்றாள், திரும்பாமலே.

பின்வாசலில் யாரோ கிழிந்த வலையைக் காயப்போட்டிருந்தார்கள். அவள் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு போய்க் கேட்டு, உள்ளங்கை அளவு வெட்டி வந்தாள். கழுவினாள். சமையல் எண்ணெய் தடவினாள். கேக் சுடும் தாளில் சேற்றை வட்டமாக ஊற்றி, ஆடை கட்டும் நேரம் பார்த்து, வலையை வைத்து அழுத்தினாள். எடுத்தாள். பழுப்பில் கட்டம் கட்டமாக வலை. பொன்தூளை விரலில் தொட்டு மேடுகளில் மட்டும் தேய்த்தாள்.

ஈர வலையில் வெயில் பட்டதுபோல் இருந்தது. எங்கள் மீனும் பூவும் இதற்குப் பக்கத்தில் நிற்காது.

ஊற்று, அழுத்து, எடு. நான் சாத்தே இறைச்சி கோக்கும் குச்சியால் துளை போட்டேன். பெயர் கீறினேன். அவள் விரல்கள் இரண்டு வெந்துபோயின. குழாயில் காட்டிவிட்டு மறுபடி வந்தாள். மூன்று ஐம்பதுக்கு நாற்பத்து மூன்றாவது மரத்தில் ஏறியது.

பிள்ளைகள் வந்தார்கள். தங்கள் பெயரைத் தேடித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். ஒரு சிறுமி தன்னுடையதைப் பறித்துக்கொண்டு அப்பாவிடம் ஓடினாள். அவர் கடலுக்குப் போகிறவர். கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தார்.

"இது தெங்கிரி மீன் வலை," என்றார். பிறகு பக்கத்திலிருந்தவரிடம், உரக்க: "டேய், நம்ம வலைடா இது! கிறிஸ்மஸ் மரத்துல!"

அந்தக் கூடத்தில் எழுந்த சத்தத்தை எனக்கு எழுதத் தெரியவில்லை. மீனவர்கள் வரிசையாக வந்து மரத்தைப் பார்த்தார்கள். இத்தனை ஆண்டும் அந்த மரத்தில் பனியும் பனிமனிதனும் தொங்கின. அன்று அவர்கள் தொங்கினார்கள். ஜெசிந்தா வெந்த விரல்களை இடுப்பில் ஊன்றி, தேரை நிலைக்குக் கொண்டுவந்தவள் மாதிரி நின்றாள். வென்றவளின் நிற்பு. அவளை நினைக்கும்போது முதலில் வருவது அதுதான். மருத்துவமனைக் கட்டில் அல்ல.

அடுத்த ஆண்டு பிள்ளைகள் வலைதான் கேட்டார்கள். அதற்கடுத்த ஆண்டும். அம்மாமார்களுக்கு வலை பதித்த பதக்கம் வந்தது. அடக்கத்தன்று மெர்சிங்கிலிருந்து ஒரு வேன் நிறையப் பெண்கள் வந்தார்கள். கறுப்புச் சேலை, பழுப்புப் பதக்கம். அவளைத் தெரியாதவர்கள், இது எந்தக் கடை நகை என்று என்னிடம் கேட்டார்கள்.

உருக்கும் சட்டியை அவளுடைய தம்பி எனக்குக் கொடுத்தார். அது வெறும் பொருள். அவளிடமிருந்து நான் வைத்துக்கொள்வது வேறு: ஆளுக்கு ஒன்று என்று வாய்விட்டுச் சொல்லிவிடுகிற துணிச்சல். சொன்னபின் ஒன்றுகூடக் குறையாமல் கொடுப்பது.

நேற்று உபதேசியாருக்குப் போன் செய்தேன். இந்த ஆண்டு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டேன். நாற்பத்தேழு என்றார். பெயர்களைச் சொல்லச் சொன்னேன். எழுதிக்கொண்டேன்.