அரை நிமிடம் பார்த்துவிட்டுப் போகிறவர்கள்

கருக்களாச்சேரி முருகவேல் அண்ணன் இறந்த செய்தியை எனக்கு யாரும் வாயால் சொல்லவில்லை. வீடியோவாக வந்தது. படகைக் கரைக்கு இழுக்கப் போனவரின் நெஞ்சில் அலை அந்தப் பைபர் படகையே தூக்கிப் போடுகிறது. யாரோ அலறுகிறார்கள். எடுத்தவரின் கை நடுங்கவே இல்லை. வேறு ஏதோ ஊர்க் கரை என்று நினைத்துத் தள்ளிவிடப் பார்த்தேன். அதற்குள் முகம் தெரிந்துவிட்டது.

அவரைத் தெரிந்தவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். தெரியாதவர்களுக்கு ஒன்று: தினமும் விடியலில் கடற்கரையில் நின்று, இன்று மீன்பிடிக்கப் போகலாமா வேண்டாமா என்று தன் சேனலில் நேரலையாகச் சொல்வார். வானிலை எச்சரிக்கையையும் முகத்துவாரத்து அலையையும் சேர்த்துப் பார்த்துச் சொல்வது. சேனலின் தொழில்நுட்ப வேலை என்னுடையது. நான் தருமபுரத்துக்காரன்; கடல் தொழில் தெரியாது, எலக்ட்ரானிக்ஸ் படித்தவன்.

அஞ்சலிக் கூட்டத்தில் சாந்தமானவர் என்றார்கள். பொய். மைக் மக்கர் செய்தால் அதை மணலில் ஓங்கி அடிப்பார். புகழ் ஆசையும் உண்டு. திருநள்ளாற்றில் ஓட்டல் சாப்பாட்டைக் காட்டும் சேனலுக்கு ஆள் கூடினால் எனக்குத்தான் திட்டு. "இட்லியப் பாக்க இத்தினி பேரு வர்றான். காத்தப் பாக்க ஒருத்தனும் வரல. நீ என்னத்தடா படிச்ச?"

நான் பார்வையாளர் எண்ணிக்கை வரைபடத்தைக் காட்டினேன். அரை நிமிடத்தில் பாதிக்கு மேல் ஆள் காலி. கோடு செங்குத்தாக விழுகிறது. "போலாமா வேணாமாங்கிறதக் கடைசியில சொல்லுங்கண்ணே. அதுவரைக்கும் நிப்பாங்க" என்றேன். கேமரா ஸ்டாண்டை எட்டி உதைத்தார். "படகத் தள்ளிக்கிட்டே பாக்குறான்டா. சேதி கெடச்சா போறான். எம் மூஞ்சிய ரசிக்கவா வந்தான்?"

வீட்டுக்கு வந்து மறுபடி பார்த்தேன். கோடு விழும் இடமும் அவர் பதில் சொல்லி முடிக்கும் இடமும் ஒன்று. நான் தோல்வி என்று படித்தது, சேதி போய்ச் சேர்ந்த இடம்.

ஒரு நாள் "போவாதீங்க" என்றார். காற்றே வரவில்லை. கடல் குளம் மாதிரி கிடந்தது. கேட்டவர்களுக்கு ஒரு நாள் பிழைப்புப் போயிற்று. மறுநாள் நேரலை ஓடும்போதே படகுக்காரர் சேகர் வந்து செவிளில் அறைந்தார். உதடு கிழிந்தது. "எம் வூட்டு அடுப்புக்கு நீ பதில் சொல்லுடா!" அண்ணன் ரத்தத்தைத் துப்பினார். கேமராவைப் பார்த்து, "இன்னிக்கும் போவாதீங்க" என்று சொல்லி முடித்தார்.

அந்த வீடியோ எகிறியது. அதுவரை வராத கூட்டம். அண்ணனுக்கே சந்தோஷம். "அறைக்கு நல்ல மவுசுடா" என்று வீங்கிய வாயோடு சிரித்தார். அடுத்த நேரலையில் "இன்னிக்கு அடி உண்டா?", "திருப்பி அடி மாமா" என்று கமெண்டுகள் கொட்டின. கடலிலிருந்து ஒருவர், "முகத்துவாரத்துல அலை எப்படிண்ணே, திரும்பலாமா?" என்று கேட்டது அந்தக் குப்பையில் நசுங்கிப்போயிற்று. எங்கள் கண்ணில் படவில்லை. அவர் படகு கவிழ்ந்தது. ஆட்கள் நீந்திக் கரையேறினார்கள். ஒருவருக்குக் கை ஒடிந்தது.

அண்ணன் என் சட்டையைப் பிடித்துச் சுவரில் மோதினார். "அந்த அறஞ்ச வீடியோவ அழிடா." அழித்தேன். கூட்டம் கலைந்தது. அப்பாடா என்றார்.

சென்ற வாரம் அவர் வேண்டாம் என்ற நாளில் சேகர் போனார். திரும்பும்போது அலை பிடித்துக்கொண்டது. "சாவுறதுக்கு வேற எடம் கெடைக்கலியாடா ஒனக்கு!" என்று கத்திக்கொண்டே அண்ணன் தண்ணீரில் இறங்கினார். படகில் இருந்த அத்தனை பேரும் பிழைத்தார்கள்.

அந்தச் சாவுக்குச் சோக இசை சேர்த்துப் போட்டிருப்பவர்களே, எடுத்துவிடுங்கள். அவர் மனைவி தெருவில் நடந்தால் யாரோ ஒருவரின் செல்போனிலிருந்து அந்த அலறல் கேட்கிறது. நம் சேனலிலும் போடச் சொல்கிறார்கள். போட மாட்டேன்.

அடக்கம் முடிந்த மறுநாள் விடியலில் நேரலையைத் திறந்தேன். அனுதாபம் சொல்லப் பெருங்கூட்டம். "ரெண்டு வார்த்த அழுதுட்டுப் பேசுங்க ப்ரோ" என்றது ஒரு கமெண்ட். பக்கத்தில் சேகர் வந்து நின்றார். கண் சிவந்திருந்தது.

"தம்பி, இன்னிக்குப் போலாமா?"

எனக்கு அலையைப் படிக்கத் தெரியாது. எச்சரிக்கை மட்டும் கையில் இருந்தது. "படக மேல ஏத்துய்யா! எவனும் போவாதீங்க!" என்று கத்தினேன். சேகர் படகை மேலே இழுத்தார்.

அலையைப் படிக்க இனிமேல்தான் பழக வேண்டும். கோபத்தை அண்ணன் எனக்கு விட்டுப் போயிருக்கிறார். அதை நான் வைத்துக்கொள்கிறேன்.