பிரேக்கைச் சுற்றிய கயிறு

என் கணவருக்கும் அவருடைய கூட்டாளிகளுக்கும் மோட்டார் சைக்கிளைப் பற்றித் தெரியாதது எதுவும் கிடையாது. சாயங்காலம் ஆனால், மலேசியாவில் ஈப்போவை ஒட்டிய லகாட்டில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துப் பட்டறையில் கூடிவிடுவார்கள். ஹேண்டலைத் தாழ்த்துவார்கள், சீட்டு நுரையை வெட்டி மெலிதாக்குவார்கள், கால் வைக்கிற கம்பியைப் பின்னால் தள்ளுவார்கள். எல்லாம் கெத்துக்காக. பிறகு வண்டிமேல் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு ஈப்போவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருவார்கள். மறுநாள் என் வீட்டுப் பல்லிக்குத் தோள் பிடித்துக்கொள்ளும். தைலம் தேய்த்துவிட என் கை வேண்டும்.

அந்தக் கையை வைத்துத்தான் நான் பிழைக்கிறேன். ஜெலாப்பாங்கில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் எனக்கு உருப்பெருக்கி வைத்த மேசை ஒன்று உண்டு. எள்ளைவிடச் சின்ன சாமான்களை இடுக்கியால் எடுத்து மின்சுற்று அட்டையில் வைக்க வேண்டும். அந்த மேசைக்கு வர எனக்குப் பல வருடம் ஆயிற்று. யார் சிபாரிசும் இல்லாமல் நானே சம்பாதித்த இடம் அது ஒன்றுதான்.

தொழிற்சாலை பஸ்ஸை நிறுத்தியதும் எனக்கென்று கப்சாய் என்கிற சின்ன மோட்டார் ஒன்று வாங்கினோம். பட்டறையில் அதை எனக்கு வசதியாகச் சரிசெய்யப்போகிறோம் என்றார்கள். வசதியைப் பார்க்க வண்டியில் ஏறி உட்கார்ந்தவர் என் கணவர். என்னைவிட ஒரு தலை உயரம். அவர் கையை நீட்ட, அந்தக் கைக்கு ஏற்ற மாதிரி வலது பக்க பிரேக் பிடியைத் தாழ்த்தி முடுக்கினார்கள். நான் கைப்பையோடு ஓரமாக நின்றேன். ஆம்பிளைகள் நிற்கிற பட்டறையில் ஒரு பொம்பளையை வண்டியில் ஏறி உட்காரச் சொல்ல அங்கே ஒருத்தருக்கும் வாய் வரவில்லை. எனக்கும் நானாக ஏறி உட்காரத் தோன்றவில்லை.

அப்புறம் பூசை. என் கணவருடைய தாத்தா காலத்துத் தோட்டத்தில் இப்போது ரப்பர் மரம் ஒன்றுகூட இல்லை, எல்லாம் எண்ணெய் எடுக்கிற செம்பனை. கோயில் மட்டும் இருக்கிறது. புது வண்டி எதுவானாலும் அவர்கள் குடும்பத்தில் அங்கேதான் கொண்டுபோக வேண்டும். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழத்தை நசுக்கினோம். பூசாரி ஒரு சிவப்புக் கயிற்றை எடுத்து ஹேண்டலில் சுற்றினார். சரியாக அந்த பிரேக்கைப் பிடித்திருக்கும் இரண்டு திருகாணிகளின் மேலேயே சுற்றினார். மழையில் அவிழ்ந்துவிடக் கூடாதென்று என் கணவர் அதன்மேல் டேப்பும் ஒட்டினார்.

சில மாதங்களில் என் வலது கை மரத்துப்போக ஆரம்பித்தது. இடுக்கியில் பிடித்த சாமான் தெரியாமலே கீழே விழுந்தது. மணிக்கட்டு மடங்கியே இருந்தால் நரம்பு நசுங்கும் என்று கிளினிக்கில் சொன்னார்கள். மறுநாள் சிக்னலில் நின்றபோது என் கையையே பார்த்தேன். பிரேக்கை எட்டுவதற்காக மணிக்கட்டு கீழே மடங்கித் தொங்கியது.

வீட்டில் சொன்னேன். “அந்த பிரேக்கைக் கொஞ்சம் மேல தூக்கிக் குடுங்க. கை மரத்துப் போவுது.”

“கயிறு மேல ஸ்பானர் போடக் கூடாதுலா. சாமி கட்டுனது.”

பட்டறைக்காரரிடமும் கேட்டேன். “அண்ணே சொல்றது சரிதான்க்கா. புது மோட்டார் அப்படித்தான் இருக்கும். ஓட்ட ஓட்டக் கை பழகிரும்லா,” என்றார். சுற்றி நின்ற அறிவாளிகள் எல்லாரும் தலையாட்டினார்கள். ஒருவர்கூட என் கை எங்கே வலிக்கிறது என்று கேட்கவில்லை. என் கணவர் மட்டும் இரக்கப்பட்டு மண்டையோடு படம் போட்ட கையுறை ஒன்று வாங்கித் தந்தார். அதைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை, அருவருப்புத்தான் வந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை தொழிற்சாலையில் எங்கள் லீடர் அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “இன்னொரு வாட்டி கீழ விழுந்துச்சுன்னா உன்னைப் பேக்கிங்குக்குத்தான் மாத்தணும்மா. மேல கேக்குறாங்க,” என்றார். அன்றைக்கு வீடு வரும்வரை எனக்குப் பயமாகவே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை என் கணவர் தூங்கிக்கொண்டிருந்தபோது அடுப்பில் சோற்றை வைத்துவிட்டு வெளியே போனேன். டேப்பை உரித்தேன். கயிற்றை அறுக்கவில்லை, சுற்றுச் சுற்றாக அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டேன். அவருடைய ஸ்பானரால் இரண்டு திருகாணியையும் தளர்த்தினேன். பிறகு என் வண்டியில் நானே ஏறி உட்கார்ந்தேன். விரலும் மணிக்கட்டும் முழங்கையும் ஒரே நேர்கோட்டில் வரும்வரை பிரேக்கைத் தூக்கி, முடுக்கினேன். கயிற்றைப் பழையபடி சுற்றி, டேப்பையும் ஒட்டினேன். உள்ளே போனபோது சோறு இன்னும் பொங்கவில்லை. சாமி கோபித்துக்கொண்டதாகவும் தெரியவில்லை.

கொஞ்சம் கொஞ்சமாகக் கைக்கு உணர்வு திரும்பியது. மேசையும் என்னிடமே இருந்தது. கை இப்போது மரத்துப்போவதில்லை என்று ஒருநாள் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். என் கணவர் நெஞ்சை நிமிர்த்தினார்.

“நான் சொன்னேன்ல? கயித்தை அவுக்காம இருந்ததாலதான். சாமி கயிறு சும்மாவா!”

பட்டறை முழுக்க இதைச் சொல்லியிருக்கிறார். அதோடு விட்டாரா? தாழ்த்திவைத்த தன் ஹேண்டலைத் தொடாமல், தோள்வலி போக வேண்டும் என்று வண்டியைத் தோட்டத்துக் கோயிலுக்கு ஓட்டிக்கொண்டு போனார். என்னுடையதைவிடத் தடிமனான கயிறு, அதே இடத்தில், அதன்மேல் டேப். வளைந்த முதுகோடு லகாட்வரை ஓட்டிக்கொண்டு வந்து, சட்டையைக் கழற்றிக் கூடத்தில் குப்புறப் படுத்தார்.

“கயிறு வேலை செய்ய நாளாவும்லா. இப்பக் கொஞ்சம் தைலம் தேய்ச்சு விடு.”

ஸ்பானர் இருக்கும் இடம் எனக்குத் தெரியும். அவர் கேட்டால் எடுத்துத் தருவேன். கேட்கவில்லை. தைலப் புட்டியை அவர் தலைமாட்டில் வைத்தேன்.

“கை எட்டுற வரைக்கும் நீங்களே தேய்ச்சுக்குங்க. எனக்கு நாளைக்கு வேலை இருக்கு, இந்தக் கை வேணும்.”