நெருப்பைத் தாண்டி வந்த உறவு

தோர்செலினா நாற்பதை நெருங்கும் வயதில் முனைவர் பட்டத்துக்கு ஆசைப்பட்டது தபாகுரா ஊரில் பலருக்குச் சிரிப்பாக இருந்தது. "பேரன் எடுக்கிற வயசுல பள்ளிக்கூடமா?" என்று ஆற்றங்கரையில் துவைத்துக்கொண்டே கேட்பார்கள். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். சுரங்கத்துச் செஞ்சேறு ஊர் ஏரியில் இறங்கி மீன்கள் வயிறு மேலாக மிதந்தபோது, அதிகாரிகள் வந்து தண்ணீர் நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லிப் போனார்கள். சிரித்தவர்களில் ஒருவர்கூட அன்று வாய் திறக்கவில்லை. திறந்தவள் இவள். அதற்குப் பிறகுதான் பட்டணத்துப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து சுற்றுச்சூழல் அறிவியலில் முதுகலை முடித்தாள்.

தபாகுரா, பண்ணை அடிமைகளாக இருந்த கறுப்பர்கள் தப்பியோடி, அமேசானின் கிளையாற்றில் அருவிகளுக்கு மேலே ஒளிந்து உண்டாக்கிய ஊர். அப்படிப்பட்ட ஊர்க்காரர்களுக்கென்று முனைவர் படிப்பில் ஓர் இடமாவது ஒதுக்குங்கள் என்று தோர்செலினாவும் இன்னும் சிலரும் துறை வாசலில் உட்கார்ந்து போராடினார்கள். காவலாளி அவளை மட்டும் அடையாள அட்டை கேட்டான், துப்புரவு வேலைக்கு வந்தவள் என்று நினைத்து. கடைசியில் உதவித்தொகையோடு ஓர் இடம் ஒதுக்கினார்கள். மனுப் போட்டவர் இந்த ஊர்க்காரர்தான் என்று ஊர்ச் சங்கத் தலைவர் நேரில் வந்து சாட்சி சொல்ல வேண்டும், அதுதான் விதி.

சங்கத் தலைவர் பெனவெனூத்து வந்தார். பட்டணத்தில் தோர்செலினா குடியிருந்த ஒற்றை அறையில்தான் தங்கினார். காலையில் அவள் போட்டுக் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, "கவலப்படாத புள்ள, நம்ம ஊரு மானத்த நான் காப்பாத்துறேன்" என்றார். அவளும் நம்பினாள்.

பல்கலைக்கழக நடையில் இசாதோரா நின்றிருந்தாள். பட்டணத்துப் பல் மருத்துவரின் மகள், வெள்ளைக்காரி, முதுகலையில் கூடப் படித்தவள். களப்பணிக்கென்று ஒரு ஜூன் மாதம் தபாகுராவுக்கு வந்து தோர்செலினா வீட்டிலேயே தின்று தூங்கினாள். ஊரே நெருப்பு மூட்டிக் கொண்டாடும் சாவோ ஜோவான் திருநாள் இரவில் இருவரும் கைகோத்து நெருப்பைத் தாண்டினார்கள். அப்படித் தாண்டிய பெண்கள் ஆயுசுக்கும் ஒருவருக்கொருவர் கொமாத்ரே, ரத்த உறவுக்கும் மேல். கொமாத்ரேயோடு சண்டை போடக் கூடாது, முதுகுக்குப் பின்னால்கூடக் குறை சொல்லக் கூடாது. "இனிமே இவ நம்ம வீட்டுப் பொண்ணு" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவளும் தோர்செலினாதான். பாசம் வந்துவிட்டால் அவளுக்குக் கண் தெரியாது.

வாழ்த்துச் சொல்ல வந்திருக்கிறாள் என்று நினைத்துத் தோர்செலினா அவளைக் கட்டிக்கொள்ளப் போனாள். அதற்குள் பெனவெனூத்து இசாதோராவின் தோளைத் தொட்டு, "வாம்மா, முதல்ல உன் சாட்சிய முடிச்சிரலாம்" என்று உள்ளே கூட்டிப் போனார்.

அந்த ஒரே இடத்துக்கு மனுப் போட்டிருந்த இரண்டு பேருக்கும் சாட்சி சொன்னார். இரண்டு பேரும் ஊர்ப் பெண்களே என்றார். பிறகென்ன, நுழைவுத் தேர்வின் ஆங்கிலத் தாளில் மதிப்பெண் யாருக்குக் கூடுதலோ அவளுக்கு இடம். இசாதோரா சிறு வயதிலேயே ஆங்கிலம் படித்தவள்; இடம் அவளுக்கே போனது.

"என்ன மாமா இது?" தோர்செலினா பெனவெனூத்துவை வழிமறித்தாள்.

"நீதான புள்ள நெருப்பத் தாண்டி அவள ஊருக்குள்ள சேத்த? நீ சேத்தவள நான் இல்லன்னு சொல்லவா?"

"சங்கத்துப் படகுக்குப் புது மோட்டார் வந்துச்சாமே, அது யாரு குடுத்தது?"

"அவங்கப்பா. அது வேற, இது வேற."

அடப் பாவி மனிதா! இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவார்கள் என்பார்கள். இங்கே பிடுங்கியவளுக்கு ஏணி பிடித்தது ஊர்ப் பெரிய மனிதன்.

இசாதோரா ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "கொமாத்ரே, அழாதீங்க. நம்ம ஏரியத்தான் நான் ஆராய்ச்சிக்கு எடுக்கப் போறேன். நீங்களும் கூட வாங்க. படகு ஓட்ட, சேறு அள்ள ஆள் வேணும். தினக்கூலி நானே போட்டுத் தர்றேன்."

தோர்செலினா கையை உருவிக்கொண்டு தேர்வுக்குழு அறைக்குள் நுழைந்தாள்.

"அவ எனக்குக் கொமாத்ரேதான். நெருப்பத் தாண்டுனா உறவு வரும், அவ்வளவுதான். எங்க ஆளுங்க முதுகுல வாங்குன அடி வராது. அந்தக் காவலாளி ஒரு நாளாவது அவள நிறுத்தி அட்ட கேட்டானா? இந்த எடம் அவளுக்குள்ளது இல்ல!"

குழுத் தலைவி கண்ணாடியைக் கழற்றினாள். "உங்க தலைவரே சொல்லிட்டாரேம்மா. யாரு உங்க ஆளுன்னு வெளியாளுங்க நாங்க எப்படிச் சொல்றது? அது உங்களை அவமதிக்கிற மாதிரி ஆயிடாதா?"

வாசலில் நின்ற பெனவெனூத்து தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார். "மன்னிச்சுக்குங்கம்மா. வயித்தெரிச்சல்ல பேசுது. கொமாத்ரேய இப்படிப் பேசுறவ எங்க ஊர்க்காரியே இல்ல."

யாருக்குச் சாட்சி சொல்ல வந்த வாய்! தோர்செலினா தன் அறைக்கு நடந்தாள்.

பொழுது சாயும் நேரத்தில் எதுவுமே நடக்காதது போல பெனவெனூத்து கதவைத் தட்டினார். அடுப்பில் மீன் குழம்பு மணத்தது.

"பசிக்குது புள்ள."

தபாகுராவில் பிறந்தவர்கள் யாரும் ஊர்க்காரரைப் பசியோடு திருப்பி அனுப்பியதில்லை. எதிரியாக இருந்தாலும் மரவள்ளி மாவையாவது கரைத்துக் கொடுப்பார்கள்.

"மீனு இருக்கு மாமா. ஆனா நான்தான் உங்க ஊர்க்காரி இல்லையே."

கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். அன்றைக்கு அந்த மீன் அவளுக்கும் இறங்கவில்லை.